மேட்லேபிலிருந்து பைத்தானுக்கு: சத்தமில்லாமல் மாறும் எண்கள்

வணக்கம். படிப்பு முடிந்து மாணவர் லைசென்ஸ் காலாவதியாகும் நேரத்தில், மேட்லேப் என்ற கட்டணக் கணக்கு மென்பொருளில் எழுதிய ஸ்கிரிப்ட்டுகளை, இலவச நிரல்மொழியான பைத்தானுக்கு மாற்றலாமா என்ற கேள்வி வரும். மொரீஷியஸில் மழைக் கணக்கோ கரும்பு விளைச்சலோ பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு என் பதில்: தாராளமாக மாற்றுங்கள். ஆனால் பாதியில் நின்றுபோகும் ஸ்கிரிப்ட்டுக்குப் பயப்பட வேண்டாம். எந்த வரியில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். நன்றாக ஓடிவிட்டு வேறு எண்ணைத் தருகிறதே, அதைத்தான் பிடிக்க வேண்டும்.

பட்டியலில் உள்ளவற்றின் வரிசை எண் மேட்லேபில் 1-இல் தொடங்கும், பைத்தானில் 0-இல். இது தெரிந்ததுதான், கடந்து போவோம்.

[திரையில்: 10, 20, 30]

மூன்று நாள் மழை, மில்லிமீட்டரில். ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு, கேட்டால் மேட்லேப் 10 என்கிறது. பைத்தானில் எண் கணக்குக்கான நூலகமான நம்பை 8.16 என்கிறது. இரண்டும் சரியான கணக்குதான். மேட்லேப் வழக்கமாக 2-ஆல், அதாவது ஒன்று குறைத்து வகுக்கிறது. நம்பை 3-ஆல் வகுக்கிறது. வகுக்கும் எண்ணில் எவ்வளவு குறைப்பது என்று சொல்லும் டிடிஓஎஃப் அமைப்பை, டிடிஓஎஃப் = 1 என்று கொடுத்தால் நம்பையும் 10 தரும். பைத்தானின் இன்னொரு நூலகமான, அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் கேட்காமலே 10 தருகிறது! ஒரே பைத்தானுக்குள் இப்படி இரண்டு வழக்கம் இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

[திரையில்: 12 வரிசை, 2 நெடுவரிசை கொண்ட அட்டவணை]

அடுத்தது இன்னும் மோசம். நம் க்யூர்பிப் ஊரின் இரண்டு ஆண்டு மாத மழை, மொத்தம் 24 எண்கள். ஆண்டுக்கு ஒரு நெடுவரிசையாக ரீஷேப் செய்கிறோம், அதாவது நீளப் பட்டியலை அட்டவணையாக அடுக்குகிறோம். மேட்லேப் மேலிருந்து கீழாக நிரப்பும். மேட்லேபை உருவாக்கிய க்ளீவ் மோலர் அதை முதலில் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதினார். பழக்கம் அங்கிருந்து வந்தது. நம்பை இடமிருந்து வலமாக நிரப்பும். அதனால் முதல் நெடுவரிசையில் ஜனவரி, மார்ச், மே என்று தாவித் தாவிப் போகிறது. ஏழாவது வரிசையைப் பாருங்கள்: ஜூலை இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த ஆண்டின் ஜனவரி! நமக்கு ஜனவரி கோடை, புயல் காலம், ஜூலை குளிர்காலம். ஆனாலும் மொத்த மழை மாறாது, எந்த எச்சரிக்கையும் வராது. நம்பையின் ரீஷேப்பில் ஆர்டர் = 'எஃப்' என்று சேர்த்தால் சரியாகிவிடும்; அந்த எஃப் ஃபோர்ட்ரானைத்தான் குறிக்கிறது.

சரி, எப்படிப் பிடிப்பது? ஒரு வரியைக்கூட மாற்றுவதற்கு முன்னால், பழைய ஸ்கிரிப்ட்டை ஓட்டி, உள்ளே போன தரவையும் ஒவ்வொரு கட்டத்தின் விடையையும் சேமித்துவிடுங்கள். லைசென்ஸ் ஏற்கெனவே போய்விட்டதா? மேட்லேப் போலவே இயங்கும் இலவச மென்பொருளான ஆக்டேவில் பெரும்பாலான ஸ்கிரிப்ட்டுகள் ஓடும். அப்புறம் பைத்தான் விடையைக் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள், கடைசி விடையை மட்டும் அல்ல. ஒப்பிட இரட்டைச் சமக்குறி வேண்டாம். கடைசி தசமங்கள் லேசாக வேறுபடும். சின்ன வேறுபாட்டை விட்டுவிட்டு ஒப்பிடும் நம்பையின் ஆல்குளோஸ் அதற்குத்தான் இருக்கிறது.