பாலிதோரோவில் சொன்ன பொய்

நேயர்களுக்கு வணக்கம்.

1943 செப்டம்பர் 8ஆம் தேதி மாலை, இத்தாலி நேச நாடுகளுடன் போர்நிறுத்த உடன்பாடு செய்துகொண்ட செய்தி வானொலியில் வந்தது. மறுநாள் விடியும் வேளையில் அரசரும் பிரதமர் பதோலியோவும் ரோமை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். முந்தைய நாள்வரை கூட்டாளியாக இருந்த ஜெர்மன் படை ஆக்கிரமிப்புப் படையாக மாறியது. மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு எதுவும் வரவில்லை. எத்தனையோ படைவீரர்கள் சீருடையைக் கழற்றிவிட்டு ஊரைப் பார்த்து நடையைக் கட்டினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அரசரே போய்விட்ட பிறகு சிப்பாய் யாருக்காக நிற்பான்?

இருந்தாலும் சிலர் நின்றார்கள். ரோமுக்கு வடமேற்கே, ஆரேலியா நெடுஞ்சாலையை ஒட்டிய தோரிம்பியெத்ரா என்ற சிற்றூரின் காவல் நிலையத்தில் நின்றவர் சால்வோ தக்விஸ்தோ. கராபினியெரி படையில் சார்ஜெண்ட் நிலைப் பதவி. வயது 22.

கராபினியெரி என்பது 1814இல் தொடங்கப்பட்ட படை. இராணுவத்தின் அங்கமாகவும் இருக்கும், ஊர்க்காவலையும் பார்க்கும். கோழித் திருட்டிலிருந்து கொலைவரை சிற்றூர்க்காரர்கள் முறையிடப் போவது இவர்களிடம்தான். போர்முனை வீரனுக்குத் தான் காக்கும் மக்களின் பெயர் தெரியாது. சிற்றூர்க் காவலருக்கோ தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகமும் தெரியும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன்.

சால்வோ 1920 அக்டோபர் 15 அன்று நேப்பிள்ஸில் பிறந்தவர். குடும்பத்தின் மூத்த பிள்ளை. கத்தோலிக்கப் பற்று மிகுந்த வீடு. தொடக்கக் கல்வி சலேசிய அருள்சகோதரிகளிடம். 1939இல் தானாக முன்வந்து படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு லிபியப் போர்முனை. அங்கே காலில் காயம், பிறகு மலேரியா. 1942இல் நாடு திரும்பி, பிளாரன்ஸ் பயிற்சிப் பள்ளியில் படித்துப் பதவி உயர்வு பெற்று, தோரிம்பியெத்ராவுக்கு வந்தார். வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், என்ன வேதனை வந்தாலும் என்ன தியாகம் கேட்டாலும் இறைவனின் திருவுளத்துக்குப் பணிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பக்தியுள்ள பிள்ளைகள் பலரும் எழுதக்கூடிய வரிதான். எழுதுவது எளிது.

செப்டம்பர் 22. கடலோரத்தில் பாலிதோரோ கோபுரத்தை ஒட்டிய பழைய காவற்கட்டடத்தில் ஜெர்மன் வீரர்கள் தங்கியிருந்தார்கள். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த வெடிபொருள் பெட்டிகளை அவர்கள் சோதித்தபோது ஒன்று வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அது விபத்து. ஜெர்மானியர்கள் அதைச் சதி என்றார்கள்.

மறுநாள் காலை அவர்கள் நிலையத்துக்கு வந்தபோது நிலையத் தலைவர் ஊரில் இல்லை. பொறுப்பு சால்வோவிடம் இருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊருக்குள் புகுந்து கையில் கிடைத்த ஆண்கள் 22 பேரையும் வளைத்தார்கள். வீட்டிலும் வேலையிலும் இருந்த சாதாரண மனிதர்கள். குற்றவாளியின் பெயர் வராவிட்டால் அத்தனை பேரும் சுடப்படுவார்கள் என்று சொன்னார்கள். வெற்று மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. ஆறு மாதம் கழித்து ரோமில் தங்கள் ஆட்கள் கொல்லப்பட்டபோது, ஒருவருக்குப் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கையும் மீறி ஆர்தியாத்தீனக் குகைகளில் 335 பேரைச் சுட்ட படை அது.

சால்வோ முதலில் உண்மையைத்தான் சொன்னார். இது விபத்து, இவர்களில் யாருக்கும் இதில் தொடர்பில்லை என்று விளக்கினார். எடுபடவில்லை. பிடிபட்டவர்களின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தங்கள் குழியைத் தாங்களே தோண்ட வைத்தார்கள். குழி ஆழமாகிக்கொண்டிருந்தது. அப்போது சால்வோ பொய் சொன்னார்: செய்தது நான், நான் மட்டும்தான்.

பிடிபட்டவர்களை விட்டுவிட்டார்கள். படைவீரனாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் 17 வயதுப் பையன் ஒருவனை மட்டும் கடைசிவரை நிறுத்தி வைத்திருந்து அனுப்பினார்கள். சால்வோ சுடப்பட்டதைப் பார்த்துச் சொன்ன சாட்சி அந்தப் பையன்தான். சில நாள்கள் கழித்து ஊர்ப் பெண்கள் உடலை எடுத்துப் பாலிதோரோ கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 23ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இத்தாலி அவருக்கு இராணுவ வீரத்துக்கான தங்கப் பதக்கத்தை அளித்தது. அரசுக்கு அது எளிய முடிவு. திருச்சபைக்கு அப்படி இல்லை. 1983இல் அவரைப் புனிதராக்கும் வழக்கு, அதாவது திருச்சபையின் விசாரணை, தொடங்கியது. அவர் மறைசாட்சியா? மறைசாட்சி என்றால், கொன்றவர்கள் விசுவாசத்தின்மீது கொண்ட வெறுப்பால் கொன்றிருக்க வேண்டும். சால்வோவைச் சுட்டவர்களுக்கு அவருடைய விசுவாசத்தைப் பற்றி அக்கறையே இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு குற்றவாளி. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இன்னொருவருக்குப் பதிலாகச் சாக முன்வந்த அருள்தந்தை மாக்ஸிமிலியன் கோல்பேயின் வழக்கிலும் இதே சிக்கல் எழுந்தது. 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை மறைசாட்சியாகவே அறிவித்து அதற்கு முடிவு கட்டினார்.

2017 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு புதிய வழியைத் திறந்தார். பிறரன்பின் பொருட்டு, உறுதியாக வரப்போகும் சாவைத் தெரிந்தே, தானாக ஏற்பவருக்கும் புனிதர் நிலை உண்டு என்று ஆணையிட்டார். கொன்றவர்களின் மனத்தை ஆராய வேண்டியதில்லை. இறந்தவரின் மனத்தைப் பார்த்தால் போதும். சால்வோவுக்காகவே அளந்து தைத்த சட்டை போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. 2025 பிப்ரவரியில், உடல்நலம் குன்றி ஜெமெல்லி மருத்துவமனையில் இருந்தபடியே திருத்தந்தை பிரான்சிஸ், சால்வோ இப்படி உயிர் கொடுத்ததை ஏற்கும் ஆணைக்கு ஒப்புதல் தந்தார். சால்வோ இப்போது வணக்கத்துக்குரியவர்; புனிதர் நிலைக்குப் போகும் பாதையில் அது ஒரு படி, அதற்கடுத்தது அருளாளர் பட்டம்.

அந்தப் பொய்யைப் பற்றி என்ன சொல்வது? மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்கிற பிள்ளைகள் இருப்பார்கள், நல்ல கேள்வி. இறைவனின் பத்துக் கட்டளைகளில் ஒன்று என்ன சொல்கிறது? பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்கிறது. சால்வோ சொன்ன பொய்ச்சான்று அவருக்கு எதிரானது. அதனால் விழுந்த தண்டனையையும் அவரே வாங்கிக்கொண்டார். இறையியலாளர்கள் இதைவிட நுணுக்கமாக வாதிடட்டும். குழி தோண்டிக்கொண்டிருந்த 22 பேரிடம் வாதத்துக்கு நேரம் இருக்கவில்லை.

சால்வோவின் உடல் இப்போது நேப்பிள்ஸில் சாந்தா கியாரா பேராலயத்தில் இருக்கிறது. அருளாளர் பட்டத்துக்கு அவருடைய பரிந்துரையால் நடந்த புதுமை, அதாவது அற்புதம், ஒன்று உறுதிப்பட வேண்டும். வழக்கு அங்கேதான் நிற்கிறது. வணக்கம்.