ஸ்க்ரூ ஆணி அல்ல

வணக்கம். சமையலறைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். நிலையில் கீழ்க் கீல் இருந்த ஓட்டையைக் கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள். மூன்று ஸ்க்ரூவும் விரலால் இழுத்ததுமே வந்துவிட்டன. உள்ளே மரை, அதாவது ஸ்க்ரூவின் சுருள் விளிம்பு, பதிந்த தடமே இல்லை, நார் நாராகக் கிழிந்திருக்கிறது. முக்கால் பாகத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கி, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புளியால் முடுக்கியிருக்கிறார்கள். நல்ல தேக்கு நிலை இது. பார்க்க மனசு வலிக்கிறது.

ஆணியை மரத்தின் நார் நெருக்கிப் பிடிக்கும். ஸ்க்ரூவின் மரையோ நாருக்குள் வெட்டிக்கொண்டு போய்த் தானே பிடிக்கும். அடித்தால் அந்த நார் கிழிந்துவிடும், பிறகு பிடிக்க எதுவும் இருக்காது.

மேல் கீலின் ஓட்டைகளில் நேற்றே தேக்குக் குச்சியைச் சீவி, பசை தடவி அடைத்துவிட்டேன். இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. துருத்திய நுனியை உளியால் சீவிவிட்டு, டிரில் எடுக்கிறேன். இது எட்டாம் நம்பர் ஸ்க்ரூ, மரையோடு சேர்த்து 4.2 மி.மீ. கனம். தேக்குக்கு 3 மி.மீ. பிட் போடுகிறேன். பைன் மாதிரி மென்மையான மரமென்றால் 2.5 போதும். அளவு மறந்துபோனால் பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் பிடியுங்கள்: நடுத்தண்டு மறைய வேண்டும், மரை இரு பக்கமும் எட்டிப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதற்கு பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன்.

அப்புறம், இவை பித்தளை ஸ்க்ரூ. தேக்கில் நேராக ஏற்றினால் கழுத்தோடு முறியும், முறிந்த துண்டை வெளியே எடுப்பது பெரும்பாடு. அதனால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு முறை ஏற்றிக் கழற்றி, வழி செய்துவிடுகிறேன். பித்தளையின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கிறேன். பலரும் சோப்பு தேய்ப்பார்கள். சோப்பு ஈரம் இழுக்கும், இரும்பு ஸ்க்ரூ என்றால் துருப்பிடிக்கும், வேண்டாம்.

திருப்புளியின் முனை பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். தோளிலிருந்து அழுத்தி, மெதுவாகத் திருகுகிறேன். தலை கீலோடு சமமாக உட்கார்ந்துவிட்டது. இதற்கு மேல் திருகினால் புது மரை அரைந்துபோகும், இங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சரி, மேலே முடிந்தது. கீழ் ஓட்டைக்குக் குச்சி சீவ வேண்டும், கேமராவைத் தரையில் இறக்கி வைக்கிறேன்.