நகர நடுவில் நின்ற பழைய திரையரங்கு காக்க வேண்டிய மரபே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நகர நடுவில் நிற்கும் பழைய திரையரங்கு காக்க வேண்டிய மரபா, கடந்து செல்ல வேண்டிய வணிகமா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை அடுக்கி அமர்ந்தார். திரையரங்கு என்பது டிக்கெட் விற்பதற்காகக் கட்டப்பட்ட கடை, வியாபாரம் படுத்தால் கடையை மூடுவது உலக வழக்கம் என்றார். மரபு என்ற சொல் கோயிலுக்கும் கோட்டைக்கும் உரியது, அதைச் சினிமாக் கொட்டகைக்குத் தூக்கிக் கொடுக்கலாகாது என்றார். அப்படியே காக்க நினைத்தாலும் செலவை யார் ஏற்பது என்று கேட்டார். மூன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பதில்களைக் கோயம்புத்தூரில் நின்ற ஒரே ஒரு கட்டடத்தின் கதையிலிருந்தே பெரும்பாலும் எடுத்துத் தருகிறேன்.

கோயம்புத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் வெரைட்டி ஹால் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வருபவர் அந்த ஹால் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு இன்று அங்கே ஒன்றும் இல்லை. 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால், பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறி, நூறு வயதையும் தாண்டி நின்று, கடைசியில் இடிக்கப்பட்டது. தென்னாட்டின் மிகப் பழைய நிரந்தரத் திரையரங்குகளுள் ஒன்று அது.

கடை என்கிறார் எதிரணித் தலைவர். நல்லது, அந்தக் கடையைத் திறந்தவரைப் பார்ப்போம். 1883-ல் பிறந்த வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப நேர்ந்தபோது, தம் படக்கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். அதை வாங்கியவர் நம் வின்சென்ட். ரயில்வே வேலையை விட்டுவிட்டு, கருவியையும் கூடாரத்தையும் சுமந்துகொண்டு தென்னாட்டு ஊர்களில் தொடங்கி, வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் போய்ப் படம் காட்டினார். மாதச் சம்பளக்காரர் ஒருவர் தமக்கு முன் எவரும் போட்டுவைக்காத பாதையில் இப்படி இறங்கியதை வெறும் வியாபாரக் கணக்கென்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை, நடுவர் அவர்களே.

அந்த மனிதர் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து ஓய்ந்த பிறகு, ஓரிடத்தில் நிலைத்து நின்று கட்டியதுதான் வெரைட்டி ஹால். கூடாரத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். கூடாரம் மழைக்கு அஞ்சும், காற்றுக்கு அஞ்சும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தீக்கு அஞ்சும். ஏனென்றால் அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, ஒரு பொறி பட்டாலே கொழுந்துவிட்டு எரியக்கூடியது. படம் காட்டும் இடத்துக்கு உரிமம் வேண்டும் என்று அரசு சட்டம் இயற்றியதே 1918-ல்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பாகவே நிலையான சுவர்களுக்குள் சினிமாவைக் கொண்டுவந்து வைத்தவர் இவர். மின்சாரமோ? கோவைக்கு மின்சாரம் தந்த நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1932-ல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, சொந்தமாக மின்னாக்கி வைத்துக்கொண்டு ஊரின் நடுவே ஓர் அரங்கத்துக்கு வெளிச்சம் தந்திருக்கிறார். பிற்காலத்தில் ஆலைகளின் நகரம் என்று பெயரெடுத்த ஊரில், மின்விளக்கு என்ற புதுமையைப் பலர் முதன்முதலில் கண்டது இத்தகைய கூரையின் கீழாகத்தான் இருந்திருக்கும்.

ஊமைப்படக் காலத்தில் திரையின் அருகே நின்று கதை சொல்ல ஓர் ஆள் வேண்டும், வாத்தியம் வாசிக்கச் சிலர் வேண்டும். 1931-ல் 'காளிதாஸ்' வந்து திரை பேசத் தொடங்கியதும் அந்தக் குரல்கள் ஓய்ந்தன, ஒலிபெருக்கிகள் வந்தன. வின்சென்ட் அதோடும் நிற்கவில்லை. கல்கத்தாவின் பயனியர் ஸ்டுடியோவோடு சேர்ந்து 1933-ல் 'வள்ளி திருமணம்' என்ற பேசும்படத்தையே தயாரித்தார். அவர் 1942-ல் மறைந்தார். ஊமைப்படத்திலிருந்து பேசும்படத்துக்கும், கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கும் தமிழ் சினிமா நடந்துவந்த வழி முழுவதையும் அந்த ஒரே கட்டடம் தன் சுவர்களுக்குள் பார்த்திருக்கிறது. இதற்குப் பெயர் வரலாறு இல்லையென்றால் வேறெதற்கு அந்தப் பெயரை வைப்பது?

இனி இரண்டாம் வாதத்துக்கு வருகிறேன். மரபு கோயிலுக்கே உரியது என்கிறார்கள். கோயிலை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ஒரே ஓர் ஆண்டுக் கணக்கை அவையின் முன் வைக்க விரும்புகிறேன். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள். வெரைட்டி ஹால் எழுந்தது அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்பு. திரையரங்கில் டிக்கெட் கொடுக்கும் சாளரம் காசைப் பார்த்ததே தவிரக் குலத்தைப் பார்க்கவில்லை. உள்ளே சமத்துவம் பூத்துக் குலுங்கியது என்று சொல்ல மாட்டேன். தரை வேறு, பெஞ்சு வேறு, நாற்காலி வேறு, பெண்களுக்குத் தனிப் பகுதி வேறு என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பிரிவு பிறப்பால் வந்ததன்று, கையிலிருந்த காசால் வந்தது. நேற்றுத் தரையில் அமர்ந்தவர், கையில் காசு சேர்ந்தால் இன்று நாற்காலியில் அமரலாம். எழுந்து போ என்று சொல்ல எந்தச் சாத்திரத்துக்கும் அங்கே இடமில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே காட்சிக்குச் சிரித்து, ஒரே காட்சிக்கு அழுது பழகிய கூட்டம் தமிழ்நாட்டில் எங்கே உருவானது என்று கேட்டால், விடைகளுள் ஒன்று இந்தக் கொட்டகை. கோட்டை கொத்தளங்கள் அரசர்களின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. தரை டிக்கெட் வாங்கியவரின் நினைவைத் தாங்கி நிற்க அவருக்கென்று வேறு கட்டடம் ஏது?

மதுரையின் தங்கம் தியேட்டரையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த அரங்கம் அது. இருக்கைகள் 2,563. ஒரு வசனத்துக்கு 2,563 பேர் ஒரே நொடியில் கைதட்டினால் அந்த ஓசை எப்படி இருந்திருக்கும்! அந்த இடத்தில் இன்று இருப்பது ஒரு ஜவுளிக்கடை. சென்னை அண்ணா சாலையில் வெலிங்டன் போனது, சபையர் போனது, ஆனந்த் போனது, சாந்தியும் போனது.

உரிமையாளரின் துன்பத்தை எங்கள் அணி மறக்கவில்லை. கேளிக்கை வரி 1939-லேயே சட்டமாகிவிட்டது. டிக்கெட் விலைக்கும் நெடுங்காலம் அரசின் கட்டுப்பாடு இருந்தது. நகர நடுவின் நில மதிப்போ டிக்கெட் வருமானத்தை எங்கோ பின்னால் விட்டுவிட்டு ஏறியது. ஆயிரம் இருக்கையில் நூறு பேர் அமர்ந்திருக்கும் காட்சியை மாதக்கணக்கில் பார்த்தவர் இடத்தை விற்றால், அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆகவேதான் இதைத் தனியொருவர் தலையில் சுமத்தாமல், நகரமும் அரசும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்கிறோம். மரபு என்ற சொல்லை நாங்கள் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் இதுவே. மரபென்று ஒப்புக்கொண்டால்தான் வரியில் சலுகை கேட்க முடியும், பழுதுபார்க்கப் பொதுப்பணம் கேட்க முடியும்.

செலவை யார் ஏற்பது என்ற மூன்றாம் வாதத்துக்கு இரண்டு கட்டடங்கள் விடை சொல்கின்றன. சென்னை அண்ணா சாலையில் வார்விக் மேஜர் என்பவர் 1913-ல் எலக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அது படம் காட்டுவதை நிறுத்திவிட்டது. எதிரணித் தலைவரின் சொற்படி பார்த்தால் நொடித்த கடை. ஆனால் அஞ்சல்துறை அதை 1915-ல் வாங்கித் தன் வளாகத்தோடு சேர்த்துக்கொண்டது. அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் வந்துபோகும் இடமாக அது பயன்பட்டுவந்தது. படம் ஓடவில்லை, வேறு வேலை கிடைத்தது, கட்டடம் உயிரோடு இருக்கிறது. பம்பாயில் 1938-ல் திறந்த ஈராஸ் திரையரங்கோ வேறு வகை. அது 2018-ல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடத் தொகுதியைச் சேர்ந்தது. சில ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2024-ல் அதே பழைய முகப்புக்குப் பின்னால் புதிய ஐமாக்ஸ் திரையோடு மீண்டும் திறந்தது. கட்டடத்தைக் காப்பதென்றால் நட்டத்தைக் காப்பதென்று பொருள் கொண்டால் இந்த இரண்டுக்கும் எதிரணி என்ன விளக்கம் தரும்?

நிறைவாக, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றைக் கேட்டு அமர்கிறேன். 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம், ஒரு கட்டடத்தைப் பழமையான நினைவுச்சின்னம் என்று கருத அது நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் நின்றிருக்க வேண்டும் என்கிறது. வரலாற்றுச் சிறப்பும் வேண்டும் என்கிறது. வெரைட்டி ஹாலின் சிறப்பை இவ்வளவு நேரம் சொன்னேன். அதன் நூறாவது ஆண்டு 2014-ல் நிறைந்தது, அன்று அந்தச் சுவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. நின்றது போதாது என்றால், ஒரு கொட்டகை இன்னும் எத்தனை ஆண்டு நின்றிருக்க வேண்டும் என்று நண்பர் இந்த அவையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.