எத்தனை லட்சம் என்று மட்டும் கேட்காதீர்கள்

(சென்னை மேற்கு மாம்பலத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் மாலை வணக்கம். பின்னால் நிற்பவர்கள் தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். நாற்காலி இருக்கிறது. நான் சொல்லப்போவதில் கொஞ்சம் கணக்கு வரும், நின்றுகொண்டு கேட்டால் மனதில் நிற்காது.

நான் பதினான்கு வருடம் இந்த ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரில் வேலை பார்த்தவள். நோயாளி உள்ளே படுத்திருப்பார். வெளியே, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு, அவருடைய மகனோ மருமகளோ என் முன்னால் வந்து நிற்பார்கள். கவருக்குள் ஆதார் நகல், ரிப்போர்ட்டுகள், ஒரு பாலிசி கார்டு. "எவ்வளவுக்குப் பாலிசி?" என்று கேட்டால் உடனே பதில் வரும்: "அஞ்சு லட்சம் மேடம்." "அறை வாடகை எவ்வளவு வரைக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்திருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் தெரியாதவர் யாருமில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சை. நான்கு லட்சத்துக்குப் பாலிசி. அறை வாடகை நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 4,000 ரூபாய் வரை என்று பாலிசியில் இருந்தது. அம்மாவுக்குத் தூக்கம் வராது, தனி அறையாக இருந்தால் நல்லது என்று 8,000 ரூபாய் அறை எடுத்தாள். "மிச்ச நாலாயிரத்தை நான் கட்டிவிடுகிறேன், நாலு நாள்தானே" என்றாள். அவள் போட்ட கணக்கு 16,000 ரூபாய். எந்த மகளும் அம்மாவுக்காக அந்தப் பணத்தைப் பார்க்க மாட்டாள்.

டிஸ்சார்ஜ் அன்று பில் 2,52,000. அவள் கையிலிருந்து கட்ட வேண்டிவந்தது 96,000.

எப்படி என்று சொல்கிறேன், இதைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். நிறைய மருத்துவமனைகளில் அறை மாறினால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம், மயக்க மருந்து டாக்டருடைய ஃபீஸ் எல்லாமே கூடும். அதனால் அனுமதித்த வாடகையைவிட இரண்டு மடங்கு அறை எடுத்தால், அந்தக் கட்டணங்களிலும் பாதியைத்தான் காப்பீட்டு நிறுவனம் தரும். அவள் பில்லில் அறைக்கு 32,000, அதில் பாதி போனது. டாக்டர், தியேட்டர் வகையில் 1,60,000, அதிலும் பாதி, 80,000 போனது. மருந்து, பரிசோதனை 60,000 மட்டும் முழுதாக வந்தது. இதற்குப் பெயர் விகிதாசாரக் கழிவு. கவுன்டரில் நாங்கள் 'ப்ரொப்போர்ஷனேட் டிடக்ஷன்' என்போம். பதினாறாயிரம் என்று நினைத்து எடுத்த அறை தொண்ணூற்றாறாயிரமாக வந்து நின்றது. அவள் கையில் இருந்த வளையலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதில் நமக்குச் சாதகமான விதிகளும் உண்டு. மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், ஐசியூ கட்டணம் இவற்றில் இந்த விகிதக் கழிவைப் போடக் கூடாது. எந்த அறையில் படுத்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் டாக்டர், தியேட்டர் கட்டணங்களிலும் போடக் கூடாது. உங்கள் பில்லில் அப்படிக் கழித்திருந்தால் தட்டிக் கேளுங்கள். அறை வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசிகளும் கிடைக்கின்றன, பிரீமியம் சற்றுக் கூடும். என்னைக் கேட்டால், பத்து லட்சத்துக்கு வாடகை வரம்போடு ஒரு பாலிசி எடுப்பதைவிட, ஐந்து லட்சத்துக்கு வரம்பில்லாமல் எடுப்பது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு நல்லது.

சரி, அடுத்தது சர்க்கரை. இந்த அறையில் இருப்பவர்களில் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் பாலிசி எடுக்கும்போது படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கும். "அதெல்லாம் எழுத வேண்டாம் சார், எழுதினால் பிரீமியம் ஏறிவிடும்" என்று சொல்லி 'இல்லை' என்று டிக் அடித்துக் கொடுக்கிற முகவர்கள் இருக்கிறார்கள். நேர்மையானவர்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், மகன் பெங்களூரில் உட்கார்ந்து ஆன்லைனில் அப்பாவுக்குப் பாலிசி எடுப்பான். அப்பா இரண்டு வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுவது அவனுக்கே தெரியாது. பிள்ளை பயப்படுவானே என்று அப்பா சொல்லியிருக்க மாட்டார். அதே அப்பா நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "சுகர், பிபி எத்தனை வருஷமாக?" அங்கே உண்மையைச் சொல்வார், சொல்லித்தான் ஆக வேண்டும். அது கேஸ் ஷீட்டில் ஏறும். கேஸ் ஷீட் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். படிவத்தில் 'இல்லை', கேஸ் ஷீட்டில் 'இரண்டு வருடமாக'. கிளெய்ம், அதாவது நாம் பணம் கேட்டுப் போடும் கோரிக்கை, அங்கேயே நின்றுவிடும்.

எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? ஏற்கனவே இருக்கும் நோய்க்கு ஒரு காத்திருப்புக் காலம் வைப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் மூன்று வருடம்தான், முன்பு நான்காக இருந்தது. மூன்று வருடம் பொறுத்தால் அந்த நோய்க்கும் பணம் வரும். மறைத்தால் மொத்தப் பாலிசியே போகலாம். இன்னொன்று: தொடர்ந்து ஐந்து வருடம் பாலிசியைப் புதுப்பித்து வந்தால், அதற்குப் பிறகு "நீங்கள் அன்றைக்குச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். இதுவும் முன்பு எட்டு வருடம். அதனால் நடுவில் ஒரு வருடம் விட்டுவிடாதீர்கள். வருடச் சந்தா என்றால் கடைசித் தேதிக்குப் பின் முப்பது நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

கண்புரை, குடலிறக்கம், மூலம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனியாக ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, பெரும்பாலும் இரண்டு வருடம். புதுப் பாலிசியில் முதல் முப்பது நாளில் விபத்து தவிர வேறு எதற்கும் பணம் வராது. "போன மாதம்தான் எடுத்தோம், இந்த மாதம் கண் ஆபரேஷன்" என்று வருகிறவர்களுக்குக் கவுன்டரில் என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

கோ-பே என்றால் ஒவ்வொரு பில்லிலும் உங்கள் பங்கு. முதியோர் பாலிசிகளில் இருபது சதவீதம் என்று சிலவற்றில் இருக்கும். மூன்று லட்சம் பில்லுக்கு அறுபதாயிரம் உங்களுடையது. அப்புறம் உள்வரம்பு, அதாவது இன்ன செலவுக்கு இவ்வளவுதான் என்று பாலிசிக்குள்ளேயே வைத்திருக்கும் தனி வரம்பு. 'ஆரோக்ய சஞ்சீவனி' என்று எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விதிகளோடு விற்கும் பாலிசி 2020-இல் வந்தது. அதை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கோ-பே ஐந்து சதவீதம். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் இரண்டு சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000. கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு அல்லது 40,000, எது குறைவோ அது. ஐந்து லட்சத்துக்கு எடுத்தவருக்கும் கண்ணுக்கு 40,000-தான்.

'கேஷ்லெஸ்' என்ற வார்த்தை நம் ஊரில் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது. நிறுவனம் தன் பங்கை மருத்துவமனைக்கே நேராகக் கட்டிவிடும் என்பதுதான் அதன் பொருள். ஆனால் பையில் பணமே வேண்டாம் என்று நினைத்து வருகிறார்கள். டயப்பர், துணி வெளுக்கும் கட்டணம், டிவி கட்டணம், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு என்று 68 இனங்களுக்குப் பொதுவாகப் பணம் வராது. முதலில் வருகிற அப்ரூவல் ஒரு பகுதித் தொகைக்குத்தான், அதைப் பார்த்துவிட்டு முழுசும் கிடைத்துவிட்டது என்று சொந்தக்காரர்களுக்குப் போன் செய்துவிடுவார்கள். வெறும் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனாலும் கிளெய்ம் கிடைக்காது. "எதுக்கும் ஒருநாள் படுத்துப் பார்த்துவிடலாம்" என்றால் ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவுப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். சாயங்காலம் வரை படுக்கையில் உட்கார்ந்தே காத்திருந்த எத்தனையோ பெரியவர்களைப் பார்த்தவள் நான். இந்த விதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலை கம்பெனிகளில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸ் பாலிசியில் அப்பா அம்மாவும் இருக்கலாம், காத்திருப்பு இல்லாமலும் இருக்கலாம். வேலை போன அன்றே அதுவும் போய்விடும். ஆகவே பிள்ளைக்கு வேலை இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசியைத் தொடங்கிவிடுங்கள். தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை, அதுவும் ஒரு சௌகரியம்.

பிரீமியம் கட்ட முடியாத குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். நாம் பிரீமியம் கட்டுவதில்லை. வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்தில் பதிந்துகொள்ளலாம். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம், வாட்ச்மேன் தாத்தாவிடம் "கார்டு எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். நோய் வந்தபின் சான்றிதழுக்கு அலைவது கொடுமை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் குறிப்பிட்டுத் தர வேண்டும். அதை வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நம் ஊரில் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் அந்த அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஐம்பது லட்சம் வரை தீர்ப்பு சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு.

இன்னும் ஒன்றே ஒன்று. உங்கள் பாலிசியோடு 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என்று ஒன்று வரும். நான் சொன்ன வாடகை வரம்பு, கோ-பே, காத்திருப்பு எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பதினான்கு வருடத்தில் ஒருவரும் தமிழ்த் தாளோடு என் கவுன்டருக்கு வந்ததில்லை. நாளைக்கே கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கேளுங்கள். புதிதாக எடுத்த பாலிசி என்றால், கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பியும் கொடுக்கலாம்.

எட்டு மணி வரைக்கும் அந்த ஓரத்து மேசையில் உட்கார்ந்திருப்பேன். பாலிசியைக் கையோடு கொண்டு வந்தவர்கள் வரிசையாக வாருங்கள். வருவதற்குள் அறை வாடகை எழுதியிருக்கும் பக்கத்தை எடுத்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.