ஐந்தேகாலுக்கு டிலே, ஏழே முக்காலுக்கு லீவு

வணக்கம் மக்களே. மணி இப்போது பத்தரை, வழக்கம்போல அடுப்படி மேடையில்தான் கேமரா, பின்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் போடுகிற சத்தம் கேட்கும், அதை வெட்டப் போவதில்லை. வெண்கலப் பானை வீடியோ இன்றைக்கு வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்றைக்கு எனக்கு இருக்கிற கோபத்தில் பானையைப் பற்றிப் பேச முடியாது.

காலை ஐந்தேகாலுக்கு கவுன்ட்டியிலிருந்து, அதாவது இங்கே அமெரிக்காவில் எங்கள் மாவட்ட ஸ்கூல் நிர்வாகத்திலிருந்து மெசேஜ். ரோட்டில் பனி, அதனால் ஸ்கூலுக்கு இரண்டு மணி நேர டிலே. அதாவது எல்லாம் அப்படியே இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், 7:50க்கு வருகிற ஸ்கூல் பஸ் 9:50க்கு வரும். சரி என்று எழுந்து எலுமிச்சை சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, இரண்டு டப்பாவிலும் அடைத்தாயிற்று. அவர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் என் ஒன்பது மணி மீட்டிங்கைப் பத்தரைக்கு மாற்றி, அதற்கு நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்டு, சின்னவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பனைக் கட்டுகிறேன், மறுபடி போன் அடிக்கிறது. மணி 7:45. இன்று ஸ்கூல் கிடையாதாம்! மாற்றிய மீட்டிங்கை மறுபடி மாற்றினேன்.

லீவு விட்டதில் எனக்குக் கோபமே இல்லை. வெளியே போய்ப் பார்த்தேன், ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. முதலில் டிலே சொல்லிவிட்டு அப்புறம் லீவு என்று மாற்றுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது தடவை. எந்த கவுன்ட்டி என்று கேட்காதீர்கள், வடக்கு வர்ஜீனியா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், பிள்ளைகள் படிக்கிற இடத்தின் பெயரை நான் வீடியோவில் சொல்வதில்லை, உங்களுக்கே தெரியும்.

நேற்று ராத்திரி கும்பகோணத்துக்குப் போன் பண்ணினபோது அம்மா கேட்டாள், "அங்கே கலெக்டர் லீவு விட்டுட்டாரா?" ஐப்பசி கார்த்திகை மழைக்கு மாவட்ட ஆட்சியர் லீவு விடுவார், டிவியில் கீழே ஓடும், நாம் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். இங்கே கலெக்டர் வேலையைச் செய்வது ஸ்கூல் சூப்பரின்டென்டென்ட், கவுன்ட்டி ஸ்கூல்கள் எல்லாவற்றுக்கும் தலைமை அதிகாரி. கஷ்டமான வேலைதான். எங்கள் ரூட்டில் பஸ் ஓட்டுகிற அம்மாவிடம் பேசினேன் என்று போன வருஷ ஸ்னோ வீடியோவில் சொன்னேனே, அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ராத்திரி மூன்று மணிக்கே ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு மேடு, வளைவு, தெருவின் உள்சந்து என்று சுற்றிப் பார்க்கிறார்கள். பெரிய ரோடு பளிச்சென்று இருக்கும், பஸ் திரும்ப வேண்டிய முட்டுச்சந்தில் பனி கணுக்கால் வரை கிடக்கும். டீசல் குளிரில் கெட்டியாகும், அதனால் பஸ்களை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். ஹைஸ்கூலில் பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் தாங்களே கார் ஓட்டி வருகிறார்கள், அதையும் யோசிக்க வேண்டும். முதல் பஸ் ஆறு மணிக்குள் கிளம்பியாக வேண்டும் என்பதால் ஐந்து மணிவாக்கில் முடிவு சொல்லிவிட வேண்டும்.

தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2014 ஜனவரி 28, அட்லான்டா. விழுந்தது இரண்டரை இஞ்ச் சொச்சம் பனிதான். ஸ்கூல், ஆபீஸ் எல்லாவற்றையும் மதியம் ஒரே நேரத்தில் விட்டார்கள், மொத்த ஊரும் ரோட்டில், பஸ்கள் நகரவில்லை, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்று ராத்திரி ஸ்கூலிலேயே தூங்கினார்கள். எங்கள் பக்கத்திலேயே ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் 2015 ஜனவரி 6, பனி கொட்டும்போது டிலேகூட விடாமல் திறந்துவிட்டார்கள், அப்புறம் சூப்பரின்டென்டென்ட் கேரன் கார்ஸா மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்தப் பயத்தில்தான் முதலில் டிலே விட்டுப் பார்ப்போம், வெளிச்சம் வரட்டும் என்கிறார்கள். புரிகிறது.

ஆனால் இன்றைக்கு வெளிச்சம் வந்து என்ன புதிதாகத் தெரிந்தது? நேற்றுச் சாயங்காலம் ஒன்றரை இஞ்ச் பனி, அதன் மேல் லேசான மழை, விடிவதற்குள் 12 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கும் என்று ராத்திரி பத்து மணிக்கே வானிலைக்காரர்கள் சொல்லியாயிற்று. நம் கணக்கில் மைனஸ் 11. ரோட்டில் போடுகிற சாதா உப்பு 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பனியை அவ்வளவாக உருக்காது, பெரும்பாலும் வெறுமனே கிடக்கும்.

உப்பு என்றதும்தான் ஞாபகம் வருகிறது, நவம்பர் வீடியோவில் இரண்டு மூட்டை வாங்கிக் காட்டினேனே, அது சாதா உப்பு இல்லை, கால்சியம் குளோரைடு, கடுங்குளிரிலும் வேலை செய்யும். மூட்டை 22 டாலர் கொடுத்தேன், அப்போது பாதிப் பேர் கமென்டில் திட்டினீர்கள். நேற்று பக்கத்து வீட்டுத் தாத்தா மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் அதே மூட்டைக்கு 41 டாலர் கொடுத்திருக்கிறார். 41! இன்று காலை எங்கள் வாசலில் மட்டும் சிமென்ட் தெரிந்தது. ஒரு டம்ளர் தூவினேன், பத்து நிமிஷத்தில் சடசடவென்று விரிசல் விட்டு, மண்வாரியால் தள்ளினால் அப்பளம் மாதிரி எழும்பி வந்தது. நவம்பரில் வாங்குங்கள், தயவுசெய்து.

விட்ட இடத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரியே லீவு என்று சொல்லியிருக்கலாம். தப்பாகப் போயிருந்தால்? ஒரு நாள் வீண், அவ்வளவுதான். எடிசனில் இருக்கிற என் சித்தி மகளுக்கு அது பெரிய விஷயம், நியூ ஜெர்சியில் வருஷத்துக்கு 180 நாள் ஸ்கூல் நடத்தியே ஆக வேண்டும், ஸ்னோ டே என்கிற பனி லீவு அதிகமானால் ஸ்பிரிங் பிரேக்கை, அதாவது வசந்தகால விடுமுறையைக் கடிப்பார்கள். வர்ஜீனியாவில் 180 நாள், அல்லது 990 மணி நேரம். நேரம் கூடுதலாக வைத்திருக்கிற கவுன்ட்டிக்குச் சில நாள் போனாலும் ஈடுகட்டத் தேவையில்லை. அப்படி இருக்கும்போது ஏன் காலை 7:45? மணிக்கணக்கில் கூலி வாங்குகிற அம்மா, வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இந்த மெசேஜைப் பார்த்தால் என்ன பண்ணுவார்? எனக்காவது வீட்டிலிருந்து வேலை.

சொல்ல மறந்துவிட்டேன், ஒரு வாரமாக என் நெய்க் கரண்டியைக் காணோம் என்று தேடினேன் இல்லையா? சின்னவள் தலையணைக்கு அடியில் இருந்தது. நைட் டிரஸ்ஸை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, தலையணைக்குக் கீழே ஸ்பூன் வைத்துத் தூங்கினால் ஸ்னோ டே வரும் என்று இங்கே பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை. இவள் ஒரு வாரமாக வைத்துக் காத்திருந்திருக்கிறாள். மெசேஜைப் படித்துக் காட்டியதும் பாதி ரிப்பனோடு ஓடிப்போய் அதை எடுத்து வந்து காட்டினாள், அந்த முகத்தைப் பார்த்து என்னால் கோபப்பட முடியவில்லை.

உங்கள் ஊரில் எத்தனை மணிக்குச் சொல்கிறார்கள்? ஊர் பெயரோடு எழுதுங்கள், மினசோட்டா ஆட்கள் கட்டாயம் எழுதுங்கள், அங்கே பனியே விழாவிட்டாலும் வெறும் குளிர்காற்றுக்கே ஸ்கூலை மூடுவார்கள். எலுமிச்சை சாத டப்பா இரண்டும் அப்படியே இருக்கிறது, தரையில் உட்கார்ந்து பிக்னிக் மாதிரி சாப்பிடப் போகிறார்களாம். எனக்கும் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள், போகிறேன்.