பதின்மூன்று வயதுக்கு ஓர் அட்டை

(நூலக வார விழாவில் கிளை நூலகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூலகர் நண்பர்களே, வணக்கம்.

"பிள்ளைகள் இன்ஸ்டாகிராமிலேயே கிடக்கிறார்கள். நாமும் அங்கே ஒரு கணக்குத் தொடங்கினால் நூலகத்துக்கு வருவார்களா?" என்று கேட்டுத்தான் என்னை அழைத்தீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். அதில் எதைப் போடப் போகிறோம் என்பதுதான் விஷயம். நம் பதிவைத் தொடுகிற பிள்ளைக்கு அந்த நிமிடமே கையில் ஏதாவது கிடைக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

நியூயார்க்கில் உள்ள புரூக்ளின் பொது நூலகம் செய்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2022-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்களை எடுக்கச் சொல்லி நெருக்கடி. இனம், பாலினம் பற்றிப் பேசுகிற நூல்கள்தாம் அதிகம் அடிபட்டன. புரூக்ளின் நூலகம் கண்டன அறிக்கையோடு நிற்கவில்லை. நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, 13 முதல் 21 வயது வரை உள்ள எவருக்கும் மின் உறுப்பினர் அட்டை இலவசம் என்று அந்த ஏப்ரலில் அறிவித்தது. வெளிமாநிலத்தவரிடம் வழக்கமாக வாங்கும் 50 டாலர் கட்டணத்தை இவர்களுக்குத் தள்ளுபடி செய்தது. அட்டை இருந்தால் மின்னூலும் ஒலிநூலும் கைப்பேசியிலேயே இரவல் எடுக்கலாம். விண்ணப்பிக்க ஒரு மின்னஞ்சல் போதும். அல்லது இளைஞர்களுக்காக அந்த நூலகம் வைத்திருந்த இன்ஸ்டாகிராம் கணக்குக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை சம்மர் பாய்ஸ்மியர். வகுப்பறைப் புத்தகங்களைச் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் பார்வையில் படாமல் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, 2022 ஆகஸ்டில் அவர் அலமாரிகளைத் தாளால் மூடினார். 'நீங்கள் படிக்கக் கூடாது என்று அரசு நினைக்கும் புத்தகங்கள்' என்ற பொருளில் அதன்மேல் எழுதினார். பக்கத்திலேயே ஒரு கியூஆர் கோடு ஒட்டினார். மாணவர் கைப்பேசியை நீட்டினால் நேரே புரூக்ளின் நூலகத்தின் அந்த அட்டைக்கான பக்கம் திறக்கும். அதனால் கிளம்பிய பிரச்சினையில் அவர் வேலையை விட்டு விலகினார். 2024-இல் மாநிலக் கல்வி வாரியம் அவருடைய ஆசிரியர் சான்றிதழையே ரத்து செய்தது. ஒரு சின்னக் கட்டம் போட்ட காகிதத்துக்கு இவ்வளவு எதிர்ப்பு ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அது உண்மையிலேயே புத்தகத்தைத் திறந்து கொடுத்தது. அந்த ஆசிரியையின் துணிச்சல் என் மனத்தில் பெரிய இடம் பிடித்திருக்கிறது.

2018-இல் நியூயார்க் பொது நூலகம் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலேயே முழு நூல்களைப் பதிப்பித்தது. முதலில் வந்தது லூயிஸ் கரோல் எழுதிய சிறுவர் கதையான ஆலிஸ் கதை. ஸ்டோரி தானாக நகர்ந்துவிடும், ஆனால் திரையில் விரலை அழுத்தினால் நிற்கும் அல்லவா? பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் வைக்க ஓர் இடத்தை வரைந்து, அதையே பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் வழியாக்கிவிட்டார்கள். இங்கும் புத்தகம் பற்றிய அறிவிப்பு இல்லை, புத்தகமே இருந்தது.

சிகாகோ பொது நூலகம் 2009-லேயே தன் மைய நூலகத்தில் யூமீடியா என்று பதின்பருவத்தினருக்கென ஓர் இடம் திறந்தது. கணினி, கேமரா, ஒலிப்பதிவு வசதி, சொல்லிக்கொடுக்க ஆட்கள். அங்கே கவிதை சொல்லி, பாடிப் பழகிய பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த ராப் பாடகர் சான்ஸ் த ராப்பர்.

இப்போது நம் கிளைகளுக்கு வருவோம். நம் நூலகப் பக்கங்களில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர். அவற்றில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்று ஒன்றும் இல்லை, அவள் ஏன் நிற்கப் போகிறாள்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இலவசமாகவே கிடக்கின்றன. அதில் ஒரு நல்ல சிறுகதைத் தொகுப்புக்குக் கியூஆர் கோடு போட்டு, பள்ளி வாசல் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டுங்கள். அதையே பதிவாகவும் போடுங்கள். செலவு ஒரு காகிதம்.

செயலியை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. இங்கும் நாளை எதுவும் மாறலாம். பிள்ளையின் முகத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் போடவே கூடாது. யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்பதும் வெளியே போகக் கூடாது.

வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்றவர்களோடு இரண்டு பள்ளி மாணவர்களையும் சேருங்கள். எதைப் பதிவாகப் போடலாம் என்று அவர்களைக் கேளுங்கள், கேட்டபடி செய்யுங்கள். இன்னொன்று, பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் கணக்கே வேண்டாம். ஒரு பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு, "இந்தப் புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்டிருந்தால், மறுநாள் நூலகம் திறந்ததும் முதல் வேலையாக அலமாரியைப் பாருங்கள். "இருக்குப்பா, உனக்காக எடுத்து வச்சிருக்கேன்" என்று எழுதுங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு வருவோம். நன்றி.