பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தண்டர்பேர்டு ஏற்கவில்லையே, ஏன்?

வணக்கம். சுவாமிமலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சிலை வார்க்கும் பட்டறையில் கணக்கு வழக்கு, ஆர்டர் எல்லாம் அவர்தான் பார்க்கிறாராம். அண்ணன் போனில் இருக்கும் ஜிமெயிலையே பட்டறைக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமிலும் சேர்க்கப் பார்த்திருக்கிறார். "பாஸ்வேர்டு சரியாகத்தான் கொடுக்கிறேன், தப்பு என்றே சொல்கிறது. அப்புறம் ஐமேப், பாப்3 என்று இரண்டு காட்டுகிறது. எதை வைப்பது?" இதுதான் கேள்வி.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு தகராறு இன்றைக்கே தீர்ந்துவிடும். ஐமேப்பா, பாப்3-ஆ என்பதில் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பல மாதம் கழித்து, ஒரு மெயிலைத் தேடும்போதுதான் தெரியவரும்.

இரண்டுமே மெயிலைப் புரோகிராமுக்குக் கொண்டுவரும் முறைகள். நீங்கள் ஐமேப் வையுங்கள். ஐமேப்பில் மெயில் இருக்கும் இடம் சர்வர்தான், அதாவது கூகுளின் கம்ப்யூட்டர். போனும் கம்ப்யூட்டரும் அதே பெட்டியைத்தான் திறந்து பார்க்கின்றன. நீங்கள் படித்தால் அண்ணன் போனிலும் படித்ததாகக் காட்டும், நீங்கள் ஒரு போல்டரில் போட்டால் அவருக்கும் அந்தப் போல்டரில் இருக்கும். பாப்3 அப்படி இல்லை. இன்பாக்ஸில் வந்ததைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். செட்டிங்கைப் பொறுத்துச் சர்வரில் ஒரு பிரதி இருக்கும், அல்லது அதையும் எடுத்துவிடும். பிரதி இருந்தாலும், நீங்கள் இங்கே படித்தது, பிரித்து வைத்தது எதுவும் போனுக்குப் போய்ச் சேராது.

உங்கள் தொழிலுக்கு இது ரொம்ப முக்கியம். மெழுகில் உரு செய்து, முன், பின், பக்கவாட்டில் போட்டோ எடுத்து ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் "இடது கையைக் கொஞ்சம் உயர்த்துங்கள்" என்று பதில் போடுகிறார். காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி வெளியே விட்ட பிறகு அந்தக் கையை உயர்த்த வழி கிடையாது. ஒரு உருவுக்கு ஒரு அச்சுதான், வார்த்ததும் அதையும் உடைத்துத்தான் சிலையை எடுக்கிறீர்கள். அந்தப் பதில் கம்ப்யூட்டரில் மட்டும் இறங்கி, பட்டறையில் நிற்கும் அண்ணன் போனில் இல்லாமல் போனால் என்ன ஆகும்? ஒரே முகவரியை இரண்டு பேர் பார்க்கும் எந்தத் தொழிலிலும் பாப்3 வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர் மாவட்டங்களில் எத்தனையோ ஊர் பல நாள் இருட்டில் கிடந்தது. அப்படி ஒரு மழையில் கம்ப்யூட்டர் நனைந்து போனாலும், சர்வரில் இருக்கும் மெயிலை வேறு கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளலாம்.

சரி, பாஸ்வேர்டுக்கு வருவோம். நீங்கள் கொடுப்பது சரியான பாஸ்வேர்டாகவே இருக்கும், கொடுக்கும் இடம்தான் சிக்கல். 2022 மே 30-க்குப் பிறகு, வெறும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு உள்ளே நுழையும் மெயில் புரோகிராம்களைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் அனுமதிப்பதில்லை. தண்டர்பேர்டு உங்களைக் கூகுளின் சொந்த ஜன்னலுக்கு அனுப்ப வேண்டும், அங்கேதான் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். இந்த முறைக்குப் பெயர் ஓ-ஆத்2.

அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸைத் திறந்தால் அதென்டிகேஷன் மெத்தட் என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு அங்கே நார்மல் பாஸ்வேர்டு என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அதை ஓ-ஆத்2 ஆக்குங்கள். அதே பக்கத்தில் போர்ட் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் இடதுபக்கப் பட்டியலின் அடியில் அவுட்கோயிங் சர்வர் என்று தனியாக இருக்கும், அதிலும் ஓ-ஆத்2 தான். அங்கே போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ். நிறையப் பேர் முதல் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, "மெயில் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை" என்று எழுதுகிறார்கள். இந்த இரண்டாவது இடத்தைத் தொடாமல் விட்டதுதான் காரணம்.

மாற்றிவிட்டு கெட் மெசேஜஸ் அழுத்துங்கள், கூகுள் ஜன்னல் திறக்கும். வெள்ளையாக நின்றுவிட்டாலோ, திரும்பத் திரும்ப உள்நுழையச் சொன்னாலோ, தண்டர்பேர்டின் பிரைவசி பகுதியில் குக்கீகளை (இணையதளங்கள் கம்ப்யூட்டரில் வைக்கும் சின்னக் குறிப்புகளை) ஏற்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் இந்த உள்நுழைவு முடியாது.

பட்டறைக் கம்ப்யூட்டர் பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழைக் கம்ப்யூட்டர் நம்பாது, இணைப்பே கிடைக்காது. நம் பக்கம் கரண்ட் போகிற போக்குக்கு இதை மறக்காமல் பார்க்க வேண்டும். பேட்டரியின் விலை சொற்பம்தான், மாற்றிவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 என்றால் அதில் ஓடும் கடைசித் தண்டர்பேர்டு 115 தான். புதியது வேண்டுமென்றால் விண்டோஸ் 10 ஆவது தேவை.

நெட் இல்லாதபோது பழைய மெயிலைப் படிக்க முடியுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். முடியும். சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பகுதியில், மெசேஜ்களை இந்தக் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள் என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதை எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஐமேப்பில் நீங்கள் இங்கே அழித்தால் அண்ணன் போனிலும் போய்விடும். ஜிமெயில் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறது என்று ஆர்டர் மெயில்களை அழிக்கவே வேண்டாம். முடிந்த ஆர்டருக்கு ஒரு போல்டர் போட்டு நகர்த்தி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் தண்டர்பேர்டிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, அதை அங்கேயே திறந்து படியுங்கள். பிறகு அண்ணன் போனை வாங்கி, அதே மெயில் படித்ததாகக் காட்டுகிறதா, சென்ட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்டர்பேர்டு காட்டும் பிழைச் செய்தியை முழுசாகப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். படத்தில் பாஸ்வேர்டு மட்டும் தெரியக் கூடாது.